பிளக் குழிக்குள் ஒயில்: எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி (உப்புவெளி வாசகர்): என்னுடையது 1500 சீசீ டொயோட்டா கார். காலையில் ஸ்டார்ட் செய்தால் உதறுகிறது, செக் எஞ்சின் லைட்டும் எரிகிறது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலைக் கழற்றினால் அதன் இறப்பரில் ஒயில் வடிகிறது. எஞ்சினைப் பிரித்துச் செய்ய வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. எஞ்சினின் மேல்மூடியான டப்பட் கவரைக் கழற்றிச் சீல்களை மாற்றினால் போதும்.

இரட்டைக் கேம் (வால்வுகளை இயக்கும் தண்டு இரண்டு உள்ள) எஞ்சின்களில் பிளக், டப்பட் கவரின் நடுவே இறங்கும் ஆழமான குழிக்குள் இருக்கும். கவருக்கு அடியில் ஒயில் எப்போதும் தெறித்துக்கொண்டிருக்கும். அது குழிக்குள் இறங்காமல் தடுப்பது குழி வாயைச் சுற்றியுள்ள இறப்பர் சீல். வருடக்கணக்காகச் சூட்டில் கிடந்து அது இறுகிவிட்டால் ஒயில் கசிந்து பிளக்கின் மேல் தேங்கும். கொயில் இறப்பர் அதில் ஊறி உப்ப, பொறி பக்கவாட்டில் பாய்ந்து அந்தச் சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியாமல் மிஸ் அடிக்கும். பிழைக்குறி காட்டும் ஸ்கானரில் பி0303 என்று வந்தால் மிஸ் அடிப்பது 3ஆம் சிலிண்டர். இதோடு ஓடித் திரிந்தால் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குப் போய், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிட்டிக் கொன்வேட்டரைக் கெடுக்கும். அது பெக்கிங் (கவரின் ஓரத்து இறப்பர்) மாற்றுவதைவிடப் பல மடங்கு செலவு.

பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், உலோக உடலுக்குச் சற்று மேலே, மண்ணிறத்தில் ஒரு வளையக் கறை மட்டும் இருந்தால் அது கசிவல்ல. உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள நுண்ணிய ஒயில் துகள்களை இழுத்து அங்கே படியவைக்கிறது. தொட்டால் கையில் ஒட்டாது.

எஞ்சின் ஆறியபின் வேலையைத் தொடங்குங்கள். கொயிலை எடுத்ததும் பிளக்கில் கைவைக்கக் கூடாது. முதலில் சிறிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டிக் குழியிலுள்ள ஒயிலை உறிஞ்சுங்கள், மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். இல்லாவிட்டால் பிளக் கழன்றதும் ஒயிலும் மண்ணும் சிலிண்டருக்குள் இறங்கும். சிறிதளவு ஒயில் மட்டும் போனால் பயமில்லை. எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெற்றோல் வருவதையும் கொயில் இணைப்புகளையும் துண்டித்துவிட்டுச் சில விநாடிகள் ஸ்டார்ட்டரைச் சுற்றினால் வெளியே வந்துவிடும்.

கவரைத் திரும்ப மாட்டும்போதுதான் அதிகம் பிழை விடுகிறார்கள். வெளிப் பெக்கிங்கை மாற்றும்போது குழி சீல்களையும் சேர்த்து மாற்றுங்கள். சில எஞ்சின்களில் சீல் கவரோடு ஒட்டியே வரும், அப்படியானால் முழுக் கவரும் வாங்க வேண்டும். சிலிக்கன் பசையைச் சுற்றிவரப் பூசவே வேண்டாம். எஞ்சினின் பக்கத்து மூடியான டைமிங் கவரும், டப்பட் கவர் உட்காரும் ஹெட்டும் சந்திக்கும் மூலைகளில் மட்டும், எஞ்சின் கையேடு சொல்லும் இடத்தில், ஒரு சிறு பொட்டுப் போதும். மிஞ்சிய பசை உள்ளே உதிர்ந்து ஒயில் பம்பின் வடிகட்டி வலையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். பல எஞ்சின்களுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீற்றர்தான் அளவு. கூட இறுக்கினால் கவர் வளைந்து திரும்பவும் கசியும். கடற்காற்றுப் படும் நம் ஊர் வாகனங்களில் போல்ட் பூத்துப்போய் இருப்பதுண்டு. முதல் நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள்.

எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் பீசீவீ வால்வைப் பார்க்காமல் விடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது அதைக் கவரிலிருந்து இழுத்து வாயில் விரலை வைத்தால் உறிஞ்சல் தெரிய வேண்டும். அடைபட்டிருந்தால் உள்ளே காற்றழுத்தம் கூடிப் புதுப் பெக்கிங்கையும் ஒயில் தள்ளிக்கொண்டு வரும். ஊறிய கொயில் இறப்பரையும் மாற்றுங்கள். பல கொயில்களில் அது தனியாகக் கழலும். 500 கிலோமீற்றர் ஓடியபின் ரோர்ச் அடித்துக் குழிகளைப் பாருங்கள், உலர்ந்திருக்க வேண்டும்.

கேள்வி (மூதூர் வாசகர்): 150 சீசீ மோட்டார் சைக்கிளில் பிளக்கைச் சுற்றி எப்போதும் கறுப்பாக ஈரம். பிளக்கை இன்னும் இறுக்கவா?

பதில்: கழுவித் துடைத்து, பவுடர் தூவி, ஐந்து கிலோமீற்றர் ஓடிவந்து பாருங்கள். பவுடர் நனையத் தொடங்கும் இடம்தான் கசிவின் இடம். ஹெட் கவர் ஓரத்திலிருந்து இறங்கினால் கவர் இறப்பரை மாற்றுங்கள். பிளக்கின் அடியிலிருந்தே கரியோடு வந்து, உஸ் என்ற சத்தமும் கேட்டால் பிளக் தளர்ந்திருக்கிறது, அல்லது அதன் வாசர் நசிந்துவிட்டது. வாசர் உள்ள புது 14 மில்லிமீற்றர் பிளக்கைக் கையால் இறுகும்வரை திருகி, பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று போதும். பழையதையே போட்டால் பன்னிரண்டில் ஒரு சுற்றுத்தான். ஹெட் அலுமினியம் என்பதால் அதற்கு மேல் பலம் கொடுத்தால் மரை உரியும்.

கேள்வி (கிண்ணியா வாசகர்): டப்பட் கவர் பெக்கிங் மாற்றிய பிறகும் பிளக்கின் நுனியில் ஒயில் இருக்கிறது.

பதில்: நுனி நனைவதற்கும் பெக்கிங்குக்கும் தொடர்பில்லை. ஒயில் சிலிண்டருக்குள் எரிகிறது. இரவு நின்று காலையில் ஸ்டார்ட் செய்த உடனே நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வுத் தண்டு வழியே ஒயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்களைச் சந்தேகிக்கலாம். ஏற்றத்தில் மிதிக்கும்போது வந்தால் பிஸ்டன் ரிங். சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் கொம்பிரஷன் கேஜ் வைத்து ஒருமுறை அளந்து, பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளக்கச் சொல்லுங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. இரண்டு முறையும் நல்ல அளவே வந்தால் வால்வு சீலை முதலில் மாற்றுங்கள். பல எஞ்சின்களில் ஹெட்டை இறக்காமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கவைத்து மாற்றலாம்.