28 டிகிரி வெயிலிலும் கார்புரேட்டரில் பனி பிடிக்கும்

செஸ்னா 152 என்ற சிறிய பயிற்சி விமானத்தில் பறக்கும்போது ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) 2300-லிருந்து 2150-க்குத் தானாக இறங்கியது, கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கைப்பிடியை) இழுத்ததும் எஞ்சின் குலுங்கியது, பயந்து உடனே உள்ளே தள்ளிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். 28 டிகிரியில் பனியா என்ற உங்கள் சந்தேகம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அதைத்தான் காட்டுகின்றன.

வெளிவெப்பத்தை மட்டும் பார்க்காதீர்கள். காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில் காற்றழுத்தம் குறைகிறது, பெட்ரோலும் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்து அங்கே வெப்பநிலை 30 டிகிரிக்கு மேலும் குறையக்கூடும். ஈரக்காற்று இருந்தால் போதும், மேகமோ மழையோ தேவையில்லை. த்ரோட்டில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் அடைப்பு) பாதி மூடியிருக்கும் இறக்கத்தில்தான் ஆபத்து மிக அதிகம்.

அந்தக் குலுக்கல் பனி உருகி, நீராக எஞ்சினுக்குள் போனதால் வந்திருக்கலாம். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் ஆர்பிஎம் முதலில் இன்னும் இறங்கும். பனி கரைந்ததும் ஏறும். நீங்கள் கைவிட்டது மிக மோசமான கணத்தில். முழுவதும் இழுத்து, அப்படியே வைத்திருங்கள். பாதி இழுப்பது பயிற்சி விமானத்தில் வேண்டாம்.

த்ரோட்டிலைக் குறைப்பதற்கு முன்பே கார்ப் ஹீட்டைப் போடப் பழகுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு உருக்க வெப்பமே மிஞ்சாது. தரையில் மட்டும் கார்ப் ஹீட்டைச் சோதனைக்கு மேல் நீட்டிக்காதீர்கள், அந்தச் சூடான காற்று வடிகட்டி வழியாக வருவதில்லை, புழுதி உள்ளே போகும் (எங்கள் பயிற்றுநர் இதற்காகவே என்னைத் திட்டியிருக்கிறார்).

அடுத்த பறப்புக்கு முன் இதை உங்கள் பயிற்றுநரிடம் சொல்லி, எஞ்சினையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் கோளாறிலும் ஆர்பிஎம் இறங்கும்.