‘பேட்டன்ட்’ பெல்ட்டில் ஒட்டிய தொதல்

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் பாதி ‘ஒட்டுகிறது’ என்று, மீதி ‘உரிகிறது’ என்று. நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: நொன்ஸ்டிக் தாச்சி வாங்கி ஐந்து மாதம். முட்டை அடிப்பிடித்ததால் கம்பிப் பஞ்சு போட்டுத் தேய்த்தேன். கறுப்புப் பூச்சு கழன்று வருகிறது. கடையில் மாற்றித் தருவார்களா? (உவர்மலை)

பதில்: தரமாட்டார்கள். தரவும் கூடாது.

கேள்வி: தொதலும் மஸ்கட்டும் செய்து விற்கிறேன். பெருநாள் ஓடர் கூடியதால், வெட்டிய துண்டுகளைப் பொதி செய்யும் மேசைக்குக் கொண்டுபோக ஆறடி பெல்ட் பூட்டிய சின்ன இயந்திரம் வாங்கினேன். ‘பேட்டன்ட் எடுத்த ஒட்டாத பெல்ட்’ என்று பெல்ட்டுக்கு மட்டும் 85,000 ரூபா எடுத்தார்கள். தொதலுக்குத்தான் என்று வட்ஸ்அப்பில் குரல் பதிவும் அனுப்பியிருந்தேன். மூன்றாம் கிழமையே தொதல் ஒட்டுகிறது, பெல்ட் ஓரம் விறைத்து வெடிக்கிறது. கேட்டால், ‘பேட்டன்ட் உள்ள சாமானில் பிழை வராது, நீங்கள் சீனியைக் கூட்டியிருப்பீர்கள்’ என்கிறார். (கிண்ணியா)

பதில்: சகோதரி, முதலில் அந்தச் சீனிப் பழியைத் தலையிலிருந்து இறக்குங்கள். தொதல் என்றாலே இனிப்பும் தேங்காய்ப்பால் எண்ணெயும்தான். அது ஒட்டும் என்பது உங்களைவிட பெல்ட் விற்பவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது பிவிசி போலத் தெரிகிறது. பிவிசி இயல்பிலேயே விறைப்பான பிளாஸ்டிக். அதை வளைய வைக்க எண்ணெய் போன்ற ஒரு சேர்மானம் கலப்பார்கள். கொழுப்பு நாள்கணக்காக மேலே கிடந்தால் அந்தச் சேர்மானத்தை மெல்ல மெல்ல உருவி எடுத்துவிடும். அப்புறம் பெல்ட் விறைக்கும், கீறல் விடும், கீறலுக்குள் தொதல் போய்க் குடியிருக்கும். உருவிய சேர்மானம் எங்கே போயிருக்கும் என்று யோசித்தீர்களா? தொதலுக்குள்தான். இன்றைக்கே அந்தப் பெல்ட்டை நிறுத்துங்கள். இந்த வேலைக்கு டெஃப்லோன் (நொன்ஸ்டிக் சட்டியில் இருக்கும் ஒட்டாத பூச்சு) பூசிய கண்ணாடி இழைத் துணியோ, உணவுக்கென்று செய்த பொலியூரத்தேன் பெல்ட்டோ வேண்டும். டெஃப்லோன் துணி 260 பாகை செல்சியஸ் வரை தாங்கும். கத்திக்கு மட்டும் தாங்காது. அதன் மேல் வைத்து வெட்டக் கூடாது.

இனி அந்த ‘பேட்டன்ட்’. இதில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் ‘பேட்டன்ட்’ என்று முத்திரை குத்திய தேங்காய்த் துருவி வாங்கினேன். விற்ற பையன் அந்த முத்திரையை விரலால் தட்டித் தட்டிக் காட்டினான். நானும் ஏதோ அரசாங்கமே துருவிப் பார்த்துச் சரி சொன்ன மாதிரி நம்பிவிட்டேன். மூன்றாம் தேங்காயில் பிடி கையோடு வந்தது. முத்திரை மட்டும் இன்றைக்கும் அழியவில்லை.

சட்டத் தமிழில் அதற்குப் பெயர் ஆக்கவுரிமை: கண்டுபிடித்தவரைக் கேட்காமல் மற்றவர் அதைச் செய்து விற்கக் கூடாது என்ற உரிமை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதற்குக் கேட்பது மூன்று விஷயம். புதியதா? அந்தத் துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாத ஒரு படி அதில் இருக்கிறதா? தொழிலில் பயன்படுத்தலாமா? நீண்ட நாள் உழைக்குமா, கிண்ணியா வெயிலில் நிற்குமா, கொடுத்த காசுக்குப் பெறுமா என்பதெல்லாம் அந்தப் பரிசோதனையில் இல்லை. பிறப்புச் சான்றிதழ் பிள்ளை யாருடையது என்று சொல்லும். குழப்படிக்காரப் பிள்ளையா என்று சொல்லுமா?

இன்னொன்று. டெஃப்லோனை ரோய் பிளங்கெட் கண்டுபிடித்தது 1938இல், டியூபொன்ட் ஆய்வுகூடத்தில். அமெரிக்க ஆக்கவுரிமை கிடைத்தது 1941இல். அது காலாவதியாகி எத்தனையோ காலம். டெஃப்லோனை இன்று யாரும் பூசலாம், அதற்கு யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. ஆகவே ‘பேட்டன்ட் பெல்ட்’ என்று ஒருவர் சொன்னால், எதற்குப் பேட்டன்ட் என்று கேளுங்கள். பூச்சுக்கா, உருளைக்கா, பெல்ட்டை இணைக்கும் கொளுவிக்கா? இலக்கம் என்ன? விண்ணப்பித்திருக்கிறோம் என்றால் அது வெறும் விண்ணப்பம். விண்ணப்பம் நானும் போடலாம்.

இப்போது உங்களுக்குத் தேவையான சங்கதி. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், 15ஆம் பிரிவு. இன்ன வேலைக்கு என்று சொல்லி, அந்தச் சாமானை விற்பதையே தொழிலாகக் கொண்டவரின் அறிவை நம்பி வாங்கினால், சாமான் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அதற்கு ஒரு வால் இருக்கிறது: குறிப்பிட்ட ஒரு பொருளை அதன் பேட்டன்ட் பெயரிலோ வேறு வியாபாரப் பெயரிலோ வாங்கினால் அந்தப் பொறுப்பு விற்பவருக்கு இல்லை! அதாவது ‘அந்தப் பேட்டன்ட் பெல்ட்டைத் தாருங்கள்’ என்று கேட்டவர், பாதுகாப்பு என்று நினைத்த சொல்லாலேயே பாதுகாப்பை இழக்கிறார். 1893இல் இங்கிலாந்தில் எழுதியதைப் பார்த்து எழுதிய சட்டம் இது. அவர்கள் 1973இல் அந்த வாலை வெட்டிவிட்டார்கள். நம்முடையது இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

பயப்பட வேண்டாம், உங்கள் கதை வேறு. 1925இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. சுற்றுலாவுக்கு வசதியான கார் வேண்டும் என்று ஒருவர் கேட்க, விற்பனையாளர் புகாட்டியைச் சிபாரிசு செய்தார். வந்த கார் அதற்கு உதவவில்லை. ‘நீர் புகாட்டி என்று பெயர் சொல்லித்தானே ஓடர் கொடுத்தீர்’ என்ற சாட்டு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. தேவையைச் சொல்லி, விற்பவரை நம்பி வாங்கியவருக்குப் பெயர் குறுக்கே நிற்காது என்றார்கள். உங்களுடைய குரல் பதிவுதான் உங்கள் சாட்சி. அதை அழித்துவிடாதீர்கள், இன்னொரு போனிலும் ஏற்றி வையுங்கள். பற்றுச்சீட்டு, பெல்ட்டின் படம், குரல் பதிவில் சொன்னதன் எழுத்துப் பிரதி எல்லாவற்றோடும் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் அதிகாரிகளிடம் எழுத்தில் முறையிடுங்கள். 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் வழி கேட்கலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். உங்களுக்கு நாள் இருக்கிறது, ஆனால் பெருநாள் முடியட்டும் என்று ஆறப்போடாதீர்கள்.

கேள்வி: சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எள்ளுருண்டை, மஸ்கட் போன்ற நெய்ப் பலகாரம் ஒட்டாமல் போக, பொலியூரத்தேன் பெல்ட்டில் வாழையிலை நரம்பு மாதிரி நெருக்கமான கோடுகள் வெட்டினேன். நன்றாகப் போகிறது. ஆக்கவுரிமை கிடைக்குமா? பேஸ்புக்கில் வீடியோ போட்டு நான்கு மாதம், 300 லைக். (பாலையூற்று)

பதில்: லைக்கை எண்ணாதீர்கள் தம்பி, நாளை எண்ணுங்கள். விண்ணப்பத்துக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் நீங்களே வெளியிட்டதை நமது சட்டம் உங்களுக்கு எதிராக எடுக்காது. எட்டு மாதம் மிச்சம். ஐரோப்பாவில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே உங்கள் வீடியோவே உங்களுக்கு எதிர்ச்சாட்சி, அந்தக் கதவைப் பூட்டிவிட்டீர்கள்.

கோடு வெட்டிய பெல்ட் பழையது. தொடும் பரப்பு குறைந்தால் ஒட்டுவதும் குறையும் என்பதும் பழையது. பொலியூரத்தேனும் பழையது. பழையதும் பழையதும் சேர்ந்து, எதிர்பார்த்த பலனே வந்தால் பரிசோதகர் ‘இல்லை’ என்று தலையை ஆட்டிவிடுவார். ‘ஒட்டாத பெல்ட்’ என்பது ஆசை, அதற்கு உரிமை தரமாட்டார்கள். எப்படி ஒட்டாமல் செய்தீர்கள் என்பதற்குத்தான் தருவார்கள்.

ஆனால் உங்கள் வீடியோவை மூன்று தரம் பார்த்தேன். கழுவிப் பூட்டியவுடன் முதல் நாலைந்து உருண்டை ஒட்டுகிறது. அதன் பிறகு கோடுகளுக்குள் நெய் பளபளவென்று தேங்கி நிற்க, உருண்டைகள் அந்த நெய்யின் மேல் வழுக்கிக்கொண்டு போகின்றன. நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை! ஒட்ட வைக்கும் என்று எல்லாரும் துடைத்தெறியும் கொழுப்பையே ஒட்டாத படலமாக்கியிருக்கிறீர்கள். ஏதாவது இருந்தால் அங்கேதான் இருக்கிறது.

அதிலும் முந்திக்கொண்டவர்கள் உண்டு. 2011இல் ஹார்வர்டில் ஜோஆனா ஐசன்பெர்க் குழுவினர், பூச்சி தின்னும் கெண்டிச் செடியின் வழுக்கும் விளிம்பைப் பார்த்து, நுண்துளைக்குள் எண்ணெயைத் தேக்கி வைத்த பரப்பு ஒன்றைச் செய்தார்கள். மறு வருடம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கிருபா வாரணாசி குழுவினர் அதே வழியில் போத்தலிலிருந்து கெச்சப்பை முழுதாக வழுக்கி விழ வைத்தார்கள். (கெண்டிச் செடி நமது நாட்டு ஈரக் காடுகளிலும் வளர்கிறது. நாம் பார்த்துவிட்டுப் போய்விட்டோம்.) ஆகவே ‘எண்ணெயின் மேல் வழுக்குதல்’ என்று பொதுவாகக் கேட்டால் கிடைக்காது. பலகாரத்திலிருந்து கசியும் நெய்யே கோட்டை நிரப்புகிறது என்பதையும், அதற்கு எந்த ஆழம், எந்த இடைவெளி என்பதையும் இலக்கத்தில் எழுத வேண்டும். ஒரே சட்டி மஸ்கட், ஒரே சூடு, வெறும் பெல்ட் ஒன்று, உங்கள் பெல்ட் ஒன்று. நூறு துண்டு ஓடவிட்டு, மிஞ்சி ஒட்டியதைச் சுரண்டி நகைத் தராசில் நிறுங்கள். கோட்டின் ஆழத்தை மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். ஓர் ஆழத்தில் மட்டும் திடீரென்று குறைந்தால், அந்தத் தாளோடு கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போகலாம். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். அதுவரை புது வீடியோ வேண்டாம். அடுத்த பட்டறைக்காரருக்கும் காட்ட வேண்டாம்.

கேள்வி: ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று போட்ட தோசைக்கல். யாருடைய வாழ்நாள்? (அலஸ்தோட்டம்)

பதில்: கடையினுடையது. நானும் ஒன்று வைத்திருக்கிறேன். அந்தக் கடை இப்போது சலூன்.

கேள்வி: ‘பிஎஃப்ஓஏ இல்லை’ என்று எழுதிய சட்டிக்கு 2,000 ரூபா கூடுதலாகக் கேட்கிறார்கள். வாங்கலாமா? வீட்டில் கூண்டுக் குருவிகள் இருக்கின்றன. (லிங்கநகர்)

பதில்: பிஎஃப்ஓஏ என்பது டெஃப்லோன் தயாரிப்பில் முன்பு உதவிக்குச் சேர்த்த இரசாயனம். 2019இல், எளிதில் அழியாத நச்சு இரசாயனங்களைத் தடுக்கும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலேயே ஏறிவிட்டது, பெரிய உற்பத்தியாளர்கள் அதற்கு முன்பே கைவிட்டார்கள். அதற்குக் காசு கூட்டிக் கேட்பது, தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் ‘கொலஸ்ட்ரோல் இல்லை’ என்று எழுதுவது மாதிரி. எந்தக் காலத்தில் இருந்தது? குருவி விஷயம்தான் முக்கியம். வெறும் நொன்ஸ்டிக் சட்டியை அடுப்பில் மறந்தால் வரும் புகை சின்னப் பறவைகளைக் கொன்றுவிடும். பிஎஃப்ஓஏ இல்லாத சட்டியிலும் அப்படித்தான். கூண்டைக் குசினிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், 2,000 ரூபாவுக்குத் தினை வாங்குங்கள்.

கேள்வி: வட்ஸ்அப் குழுவில் பார்த்து ‘ஜேர்மன் பேட்டன்ட் ஒட்டாத பேக்கிங் விரிப்பு’ பத்து எடுத்தேன். காசு முதலே போட்டாயிற்று. பில் இல்லை, முகவரி இல்லை. ஒன்றை அவணில் வைத்தேன், உருகிவிட்டது. (பெயரும் ஊரும் வெட்டப்பட்டன)

பதில்: போன மாதமும் இதே கேள்வி, இதே பதில். ஜேர்மன் பேட்டன்ட் ஜேர்மனியில்தான் செல்லும், விரிப்பு உருகாது என்பதற்கு எங்கேயும் செல்லாது. முகவரி தெரியாத ஒருவருக்கு முழுக் காசையும் அனுப்பிவிட்டு என்னிடம் முகவரி கேட்டால் நான் எங்கே போவது? வங்கிச் சீட்டையும் தொலைபேசி இலக்கத்தையும் வைத்துப் பொலிஸில் முறையிடுங்கள், காசு வரும் என்று நான் சொல்லமாட்டேன். கடிதத்தின் அடியில், ‘மிச்ச ஒன்பதையும் அயலுக்கு விற்றுப் போட்ட காசை எடுக்கலாமா’ என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரை வெட்டியது அதற்காகத்தான்.