பஞ்சு ஏறின டவருல ஜிடிஏ ஓடுமா?

பல்லடத்துல ரிப்பேர்க் கடை வெச்சிருக்கறவன் நான். இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்ஸ்அப்பு எல்லாத்துலயும் கேம் சமாச்சாரம்தானுங்க. பிரிண்டர் கேள்வி கேட்டவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோணும்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். ஆபீசில் பழைய டெல் ஆப்டிபிளக்ஸ் 7010-ஐ 4,000 ரூபாய்க்குத் தருகிறார்கள். ஐ5-3470, 4 ஜிபி ரேம். பிளஸ் டூ முடித்த என் பையன் ஜிடிஏ 5 விளையாட வேண்டும் என்கிறான். மானிட்டரோடு சேர்த்து 15,000-க்கு மேல் என்னால் முடியாது. இதை வாங்கலாமா, புதிதாக அசெம்பிள் செய்யலாமா?

வாங்கிப் போடுங்கண்ணா. அந்த ஆட்டம் கம்ப்யூட்டருக்கு வந்தது 2015-ல. 'இது இருந்தா நல்லா ஓடும்'னு ராக்ஸ்டார் கம்பெனி அப்பப் போட்ட பட்டியல்ல இருந்த இன்டெல் சிப்பே ஐ5-3470 தான். கூட 8 ஜிபி ரேம், ஆட்டத்துப் படத்தைத் திரைக்கு அனுப்பற 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 660 கிராபிக்ஸ் கார்டு கேட்டிருந்தாங்க. உங்க ஆபீசுல இத்தனை வருசமா பில்லுப் போட்டுட்டுக் கெடந்தது அதே சிப்புத்தானுங்க. செகண்ட்ஸ் பனியன் மாதிரி வெச்சுக்குங்க, தையல் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் துணி நல்ல துணி.

ஆனா காசு குடுக்கறதுக்கு முன்னால பெட்டி என்ன சைசுன்னு பாருங்க. 7010-ன்னு ஒரே பேருல நாலு சைசு வந்துச்சு. ஓரடிக்கு மேல ஒசரமா நிக்கற டவரா இருந்தா எடுங்க. டிபன் பாக்ஸைப் படுக்கப் போட்ட மாதிரி ஒல்லிப் பெட்டியா இருந்தா அரை ஒசரக் கார்டுதான் உள்ள போகும். அது செகண்டுல கெடைக்கறதும் கம்மி, வெலையும் சாஸ்தி. (2023-ல டெல் இதே 7010-ங்கற பேருல புதுசு ஒன்னு விட்டிருக்கறாங்க. ஆன்லைன்ல தேடறப்பக் கொழம்பிக்காதீங்க.)

அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ள இருக்கற சாமானுக்கெல்லாம் கரண்டு பிரிச்சுக் குடுக்கற டப்பா. டவர்ல வர்றது 275 வாட்டு. கிராபிக்ஸ் கார்டுக்குன்னு தனி 6 பின் வயர் அதுல கெடையாது. போர்டுல கார்டு சொருகற ஸ்லாட்டு மட்டும் 75 வாட்டுக் குடுக்கும். அதுக்குள்ள அடங்கற கார்டுதான் உங்களுக்கு ஆகும். 2016-ல வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி, இல்லீன்னா 2019-ல வந்த ஜிடிஎக்ஸ் 1650. ரெண்டுலயுமே சில கம்பெனிக்காரங்க 6 பின் வெச்சு வித்திருக்கறாங்க, அதைத் தொடாதீங்க.

"எஸ்எம்பிஎஸ்ஸையே மாத்தீட்டா?"ன்னு கேப்பீங்க. 7010-ல சாதாரண 24 பின்தான், மாத்தலாம். அதுக்கடுத்து வந்த 7020, 9020-ல டெல் தன்னோட சொந்த 8 பின் வெச்சுட்டான், கன்வெர்ட்டர் வயர் இல்லாம மாத்த முடியாது. ஆனா மாத்தறதா இருந்தா நல்லதா வாங்கோணுமுங்க. என்ற அக்கா பையனுக்கு ஒருக்கா 450 வாட்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டுன 600 ரூவாய்ச் சாமானைப் போட்டுக் குடுத்தேன். ரெண்டாவது மாசம் பொழுதோட ஆடிட்டு இருக்கறப்ப டப்புன்னு ஒரு சத்தம். எஸ்எம்பிஎஸ், கார்டு, போர்டு மூணும் ஒன்னாப் போச்சு. அக்கா இன்னைக்கும் ஒறம்பரை வந்தா அந்த நாயத்தை எடுக்காம உடறதில்ல. கழட்டிக் கையில தூக்கிப் பாத்தப்புறந்தான் தெரிஞ்சுது, காலிச் சோப்பு டப்பாக் கனம்கூட இல்ல.

செகண்டு 1050 டிஐ வாங்கறப்ப மாட்டுக்குப் பல்லுப் புடிச்சுப் பாக்கற மாதிரிப் பாக்கோணும். பழைய ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுக்குள்ள பதிஞ்சிருக்கற பயாஸ்ங்கற சாப்ட்வேரை மாத்தி 1050 டிஐ-ன்னு காட்ட வெச்சுத் தலையில கட்டற ஆளுக இருக்கறாங்க. அசல் கார்டுல பழைய மானிட்டர் சொருகற நீல விஜிஏ ஓட்டை பொதுவா இருக்காது. இருந்துச்சுன்னா கம்முனு எந்திரிச்சு வந்துருங்க. ஓடற மெஷின்ல சொருகிக் காட்டச் சொல்லி, ஜிபியு-இசட்டுங்கற இலவச சாப்ட்வேரைப் போட்டுப் பாருங்க. போலின்னா 'ஃபேக்'னு அதுவே எழுதிக் காட்டும்.

எங்க பக்கத்து வெலைக்குக் கணக்குச் சொல்றேன். பெட்டி 4,000. செகண்டு 1050 டிஐ 5,000. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாப் போடற வேகமான 256 ஜிபி எஸ்எஸ்டி 2,000. டிடிஆர்3 ரேம் 4 ஜிபி ரெண்டு, ஜோடியா 1,200. ஒரே 8 ஜிபி துண்டு வேண்டாம், ரெண்டாப் போட்டாத்தான் டூயல் சேனல்ல வேகம் வரும். ஆச்சு 12,200. மீதி 2,800-க்குள்ள பழைய மானிட்டர் ஒன்னு தேடோணும். சரவணம்பட்டிப் பக்கம் ஐடி கம்பெனிக கழிச்சு உடற மானிட்டர் காந்திபுரத்துக் கடைகளுக்கு வரும், அங்க பாருங்க. ஆட்டம் 100 ஜிபிக்குக் கிட்ட எடம் புடிக்கும். ஆபீஸ் பெட்டியோட வர்ற பழைய ஹார்டு டிஸ்க்கை எறிஞ்சறாதீங்க, படம் போட்டு வெக்க ஆகும். அதுல கம்பெனிக் கணக்கு இருந்தா மட்டும் அழிச்சுக் குடுக்கச் சொல்லுங்க.

பையன்கிட்ட இப்பவே சொல்லீருங்கண்ணா: 2025-ல வந்த ஜிடிஏ 5 புது எடிஷன் இதுக்கு ஆகாது, பழைய 'லெகசி'யைத்தான் எறக்கோணும். இந்தச் சிப்புல ஏவிஎக்ஸ்2-ங்கற வசதி கெடையாது, 2013-ல வந்த நாலாம் தலைமுறையிலதான் அதைச் சேத்துனாங்க. அது இல்லாம இப்ப வர்ற சில ஆட்டம் தெறக்கவே தெறக்காது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் முடிஞ்சுது, விண்டோஸ் 11 கேக்கறது எட்டாம் தலைமுறைச் சிப்பு, இது அதுக்கு ஆகாது. 1050 டிஐ-க்கும் என்விடியா புது கேம் டிரைவரை நிறுத்திட்டான், 2028 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட்டு மட்டும் வரும். அதனால 1650 அதே வெலைக்குச் சிக்குனா யோசிக்காம எடுங்க. விண்டோஸுக்குப் பதிலா இலவச லினக்ஸ் போட்டு, ஸ்டீம்ங்கற கேம் விக்கற சாப்ட்வேர்ல ஆடலாம், தனியா ஆடற கதை ஆட்டம் ஓடும். ஆன்லைன் ஆட்டம் 2024 செப்டம்பர்ல இருந்து லினக்ஸ்ல ஓடறதில்ல.

கேள்வி: அதே மாதிரிப் பெட்டியில் ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு போடலாமா? கிரிப்டோ மைனிங்கில் ஓடியது, நண்பர் மலிவாகத் தருகிறார். – கல்லூரி மாணவன், பொள்ளாச்சி

கண்ணு, 580 ஒன்னே 185 வாட்டுத் திங்கும், 8 பின்னும் கேக்கும். 275 வாட்டுப் பெட்டிக்கு வேண்டாம். நல்ல எஸ்எம்பிஎஸ் இருக்கற வேற டவரு வெச்சிருந்தீன்னா எடு. 2022 செப்டம்பர்ல எத்தீரியம்ங்கற கிரிப்டோ காசைக் கார்டு ஓட்டிச் சம்பாரிக்கற மைனிங் நின்னதும் மூட்டை மூட்டையா வந்த சாமான் இதெல்லாம். மைனிங்ல ஓடுனதுங்கறதுக்காக ஒதுக்க வேண்டியதில்ல. பேன் ஆடுதான்னு பாரு, சிப்புச் சூட்டைக் கடத்தறதுக்குத் தடவற பேஸ்ட்டை மாத்து, கடையிலயே அரை மணி நேரம் ஓட்டிப் பாரு. '2048எஸ்பி'ன்னு ஒன்னு இருக்குது, பேரு 580 தான், உள்ள இருக்கற கோர் 2304-க்குப் பதிலா 2048. வெலையைக் கொறச்சுக் கேளு.

கேள்வி: ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு இரண்டு விலையில் இருக்கிறதே, என்ன வித்தியாசம்? – ஈரோடு

டிடிஆர்4 மெமரி போட்டதும் ஜிடிடிஆர்5 மெமரி போட்டதும் ஒரே பேருல விக்கறாங்க. முதலாவதுக்கு மெமரி வேகம் மத்ததுல மூணுல ஒரு பங்குதான். ஆடறதுக்குன்னா ஜிடிடிஆர்5 மட்டும்.

கேள்வி: வீட்டோடு ஒட்டித் தறி ஓடுகிறது. பையனின் கம்ப்யூட்டர் அரை மணி நேரம் விளையாடினால் அணைந்துவிடுகிறது. கடையில் போர்டு போய்விட்டது என்கிறார்கள். – வாசகி, சோமனூர்

அக்கா, போர்டு மாத்தறதுக்கு முன்னால மூடியைக் கழட்டுங்க. சிப்பு மேல இருக்கற பேனுக்கு அடியில, அலுமினியத் தகடுக நடுவுல, பஞ்சு மெத்தை கட்டியிருக்கும். எங்க கடைக்கு தறிக்காரங்க ஊட்டுல இருந்து வர்ற பத்து மெஷின்ல ஏழு இப்படித்தான் வருது. மேலால ஊதுனாப் போகாது. பேனைக் கழட்டி எடுத்துட்டு, பஞ்சைக் கையால தோல் உரிக்கற மாதிரி உரிச்சு எடுக்கோணும். மிச்சத்துக்கு ப்ளோயர். ஊதறப்பப் பேனை வெரலால புடிச்சுக்கோணும், சுத்த உட்டா பேரிங் போயிரும். புதுப் பேஸ்ட்டு பச்சைப் பட்டாணி அளவு போதும், இட்லிக்குச் சட்னி மாதிரி ஊத்த வேண்டாம்.

தரையில வெக்காம மேசை மேல ஏத்துங்க. காத்து உள்ள போற பக்கம் கொசுவலைத் துணி ஒன்னு ஒட்டி, வாரம் ஒருக்கா தட்டுங்க. இதுக்கப்புறமும் அணைஞ்சா, தறி மோட்டார் போடறப்ப அணையுதான்னு கவனிங்க. அப்படின்னா கரண்டு எறங்குது, 600 விஏ யுபிஎஸ் ஒன்னு வேணும். அப்பவும் போர்டுங்கற பேச்சுக்கு வேலை இல்ல.

கேள்வி: தினமும் நாலு மணி நேரம் கேம் விளையாடுகிறான். கரண்ட் பில் ஏறிவிடாதா? – கோபிசெட்டிபாளையம்

மேல சொன்ன மாதிரி 1050 டிஐ மெஷினு மானிட்டரோட சேத்து 200 வாட்டுன்னே சாஸ்தியா வெச்சுக்குங்க. நாலு மணி நேரத்துக்கு 0.8 யூனிட்டு, ரெண்டு மாசத்துக்கு 48. இலவசமா வர்ற 100 யூனிட்டுல கிட்டத்தட்டப் பாதியை அவன் ஆடித் தீத்தர்றான். கோடையில ஏசி போடற ஊடா இருந்தா பில்லுல இது தெரியவே தெரியாதுங்க. பிளஸ் டூப் பையன்னா மார்க்குலதான் தெரியும்.