ஓபரான் யாருடைய பிள்ளை?

கேள்வி: ஷேக்ஸ்பியரின் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தில் வரும் தேவதைகளின் ராஜா ஓபரான், அவருடைய சொந்தக் கற்பனைதானே? இசையில் அவனை நன்றாகக் காட்டியவர் யார்?

பதில்: 'சொந்த' என்கிறீர்களே, அதைத் தாண்டி மேலே போக எனக்கு மனம் வரவில்லை. ஷேக்ஸ்பியருக்கு முன்னூறு வருடம் மூத்தவன் ஓபரான். 13-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வீரகாவியமான 'ஹுவோன் தெ போர்தோ'வில் வருகிறான். அங்கே அவனுக்கு அப்பா யார் தெரியுமா? ஜூலியஸ் சீசர்! அம்மா, ஆர்தர் மன்னர் கதைகளில் வரும் மாயக்காரி மார்கன். பிறந்தபோதே ஒரு தேவதை கோபத்தில் சபித்துவிட, மூன்று வயதோடு வளர்ச்சி நின்றுபோனது. அப்புறம் அவளே மனமிரங்கி, எவருக்கும் இல்லாத அழகைக் கொடுத்தாள்.

கதாநாயகன் ஹுவோன், பேரரசர் சார்லமேனின் மகனைக் கொன்றவன். பாபிலோனுக்குப் போய் அமீரின் தாடிமயிரையும் நான்கு கடைவாய்ப் பற்களையும் கொண்டுவரவேண்டும் என்பது அவனுக்குத் தண்டனை. ஆபத்தில் ஊதுவதற்கு ஓபரான் அவனுக்கு ஒரு கொம்பைத் தருகிறான்.

இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் பெர்னர்ஸ் பிரபு. ஷேக்ஸ்பியர் கைக்கு ஓபரான் வந்த வழி பெரும்பாலும் அதுதான். இன்று எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? மொழிபெயர்ப்பாளரின் பெயரை அட்டையில் போடாத பதிப்பாளர்களோடு இந்தப் பக்கத்தில் பல வருடமாகச் சண்டை போடுகிறேன். இனியும் போடுவேன். நூலைச் சுமந்து வந்தவரை வாசலிலேயே நிறுத்துவது அநியாயம்.

சரி, இசை. இந்தியச் சிறுவன் ஒருவனுக்காக மனைவியோடு சண்டை பிடிக்கும் கணவனாக ஓபரானை மாற்றிய ஷேக்ஸ்பியர், கொம்பை விட்டுவிட்டார். அதைத் திருப்பிக் கொடுத்தவர் ஜெர்மானிய இசையமைப்பாளர் வெபர். அவருடைய 'ஓபரான்' என்ற ஓபராவின், அதாவது இசைநாடகத்தின் கதை, ஹுவோனின் பழைய கதைதான். முன்னிசையே கொம்பின் மூன்று சுரங்களோடு தொடங்குகிறது. காசநோய் முற்றியிருந்தும், குடும்பத்துக்குப் பணம் வேண்டும் என்று ஆங்கிலம் படித்து, லண்டன் போய் அதை முடித்தார். 1826 ஏப்ரல் 12-ல் அரங்கேற்றம். ஜூன் 5-ல் அந்த ஊரிலேயே இறந்தார். வயது 39.

1960-ல் ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், ஷேக்ஸ்பியரின் நாடகத்தையே ஓபராவாக்கியபோது தேவதை ராஜாவுக்குக் கவுண்டர்டெனர் குரலைக் கொடுத்தார். முதலில் பாடியவர் ஆல்ஃபிரட் டெல்லர். பெண் குரல் உயரத்தில் ஓர் ஆண் பாடும்போது, இவன் மனிதனில்லை என்று உடனே புரிந்துவிடும். அருமையான யோசனை. ஆனாலும் என் ஓட்டு வெபருக்குத்தான். அந்த முன்னிசை பத்து நிமிடம்கூட இருக்காது, இன்று இரவே கேளுங்கள்.