"டீச்சர் என்னைக் கூப்பிட மாட்டாங்கல்லம்மா?"

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. வீட்டில் சரியான வாயாடி. ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கும்போது குரல் நடுங்க, மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து ஞாயிறு இரவானால், "நாளைக்கு டீச்சர் என்னைக் கூப்பிட மாட்டாங்கல்லம்மா?" என்று ஆரம்பிக்கிறாள். "மாட்டாங்க, தூங்கு" என்பேன். பத்து நிமிஷத்தில் மறுபடி அதே கேள்வி. காலையில் வயிற்று வலி. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். "நடிக்கிறா, நாலு போடு போட்டா சரியாயிடும்" என்கிறார் என் கணவர். மனசு கேட்காமல் லீவு லெட்டர் எழுதிவிடுகிறேன். பத்து மணிக்கெல்லாம் வலி போய்விடுகிறது. அவர் சொல்வதுதான் சரியோ?
- ஒரு அம்மா

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நடிப்பில்லை, வலி நிஜம். பயந்தால் உடம்பு ஓடத் தயாராகிறது. ரத்தம் தசைகளுக்குப் பாய, குடலின் வேலை தடுமாறுகிறது. பள்ளி நேரம் தாண்டியதும் ஆபத்து விலகியதாக உடம்பு எண்ணிக்கொள்வதால்தான் பத்து மணிக்கு வலி காணாமல் போகிறது. இதை உங்கள் கணவருக்கு அப்படியே படித்துக் காட்டுங்கள். அடித்தால் பயம் போகாது. பயத்தை உங்களிடம் சொல்வதுதான் நிற்கும்.

ஆனால் லீவு விஷயத்தில் உங்கள் பக்கம் என்னால் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு லீவும் 'தப்பித்தோம்' என்ற நிம்மதியைத் தருகிறது. போயிருந்தால் சமாளித்திருப்போம் என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் போகிறது. "வலிக்குதுன்னு தெரியுது, வலியோடயே போயிட்டு வா" என்று அனுப்புங்கள்.

இரவில் நீங்கள் சொல்லும் பதிலும் லீவு மாதிரிதான். டீச்சர் கூப்பிட மாட்டார் என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது. அது அவளுக்கும் தெரியும், அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். ஒரு பகல் நேரத்தில், அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, இனி ஒரு தடவைதான் பதில் சொல்வேன் என்று சொல்லிவையுங்கள். பதிலும் மாறட்டும்: "கூப்பிடலாம், கூப்பிடாமலும் இருக்கலாம். கூப்பிட்டா பயமாத்தான் இருக்கும். ஆனா உன்னால வாசிச்சு முடிக்க முடியும்." மறுபடி கேட்டால், "அதுக்குப் பதில் உனக்கே தெரியும் கண்ணு" என்று தலையைத் தடவிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். ஆரம்பத்தில் அழுகை கூடத்தான் செய்யும். இறங்கி வந்துவிடாதீர்கள்.

அப்புறம் வாசிப்பு. முயலைக் கண்டாலே அலறிய பீட்டர் என்ற சின்னப் பையனைப் பற்றி மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1924-ல் எழுதினார். அவன் பிடித்ததைச் சாப்பிடும் நேரத்தில் முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார்கள். கடைசியில் அவனே அதைத் தடவிக் கொடுத்தான். இன்றும் அடிப்படை இதுதான். முதலில் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும், பிறகு ஒரு தோழிக்கு, பிறகு ஆசிரியரிடம் தனியாக, அதன்பின் வகுப்பில் இரண்டே வரி. ஒரு படி அவளுக்குச் சலித்துப்போன பிறகு அடுத்ததற்குப் போகலாம். எந்த இரண்டு வரி என்பதை முந்தைய நாளே சொல்லும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். 'இவளைக் கூப்பிடவே வேண்டாம்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தப் பிள்ளைகள் இன்னும் கேலி செய்கிறார்களா என்றும் விசாரியுங்கள். அப்படியென்றால் முதலில் அதைப் பள்ளி நிறுத்தியாக வேண்டும்.

சில வாரங்களுக்குப் பிறகும் பள்ளிக்குப் போக மறுத்தாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துப்போகலாம் என்கிற மாதிரி பேச்சு வந்தால் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.