படுக்கையறைக்கு எந்த நிற பெயிண்ட் அடிக்கலாம்?

பெயிண்ட் கடை நிற அட்டையில் பார்த்துப் பிடித்துப்போன நிறம் சுவரில் ஏறியதும் வேறு மாதிரி தெரிகிறது, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டை மேல் தப்பில்லை, வெளிச்சம் செய்யும் வேலை அது. படுக்கையறையை நாம் அதிகம் பார்ப்பது ராத்திரியில். 2700 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் விளக்கில் வெளிர் நீலம் மங்கிச் சாம்பலாகத் தெரியும். 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் அதே நீலம் சில்லென்று இருக்கும். முதலில் விளக்கை முடிவு செய்யுங்கள், அப்புறம் பெயிண்ட்.

சின்ன டப்பா வாங்கி, நேரே சுவரில் பூசாமல், பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடியுங்கள். ஓரத்தில் வெள்ளையை விட்டுவைத்தால் பழைய சுவரின் நிறம் கண்ணை ஏமாற்றாது. நன்றாகக் காய்ந்ததும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு நாள், ஜன்னல் சுவரிலேயே ஒரு நாள் ஒட்டிப் பாருங்கள். பகலில் ஜன்னல் சுவரில் ஒரு படி கறுத்துத் தெரியும்.

இதையெல்லாம் செய்யாமல் நான் ஒருமுறை கிரீம் என்று நம்பி அடித்தது, நான்கு சுவரும் முடிந்தபோது வெண்ணெய் மஞ்சளாகி நின்றது. சுவர்கள் ஒன்றின் நிறத்தை இன்னொன்றின் மேல் எறிவதால் அறை முழுக்க அடித்தால் நிறம் தூக்கலாகிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு படி வெளிர் நிறத்துக்குப் போங்கள்.

சுவரில் மேடுபள்ளம் இருந்தால் பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் அடியுங்கள். பளபளப்பு அத்தனையையும் காட்டிக்கொடுத்துவிடும்.

நீலம் அடித்தால் தூக்கம் வரும் என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கனமான திரைச்சீலை அதைவிட உதவும்.