பரஸ்பரம் அபாயங்களுக்கு உட்பட்டது

கேள்வி: கைதான பத்திரிகையாளரைப் போய்ப் பார்ப்பதற்குக்கூட நாடுகள் ‘பரஸ்பர அடிப்படையில்’ பேச்சுவார்த்தை நடத்துகின்றனவே, இதற்கெல்லாமா பேரம்?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: ‘பரஸ்பர’ என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேயே நின்றுவிட்டேன். அந்தச் சொல் இன்றைக்கு இரண்டு இடங்களில்தான் பிழைத்துக் கிடக்கிறது. ஒன்று, பரஸ்பர நிதி. இன்னொன்று, பரஸ்பர சம்மதத்துடன் விவாகரத்து. முதலாவதில் எனக்குப் பணம் போனது. இரண்டாவதைப் பற்றி வேண்டாம், வீட்டிலும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள். ‘வடமொழி எதற்கு’ என்று வாராவாரம் அஞ்சலட்டையில் எனக்கு அர்ச்சனை செய்யும் அன்பர் ஒருவர் உண்டு. அர்ச்சனையும் வடமொழிதான் ஐயா.

நிதி விளம்பரத்தின் கடைசியில் ஒருவர் ‘சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை’ என்று மூச்சு விடாமல் ஓட்டுவாரே, ராஜதந்திரத்துக்கும் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

1967 ஜூலை. ஹாங்காங் அப்போது பிரிட்டன் கையில். கலவர நேரம். சீன அரசின் செய்தி நிறுவனமான ஷின்ஹுவாவின் நிருபர் ஒருவருக்கு அங்கே இரண்டு வருடச் சிறை. இரண்டே நாளில் பீகிங்கில் (இன்றைய பெய்ஜிங்) ராய்ட்டர் செய்தி நிறுவனத்தின் பிரிட்டிஷ் நிருபர் அந்தோணி கிரே வீட்டுக்காவலில். வழக்கு, விசாரணை ஒன்றும் கிடையாது. ஆகஸ்டில் செங்காவலர்கள், அதாவது மாவோவின் இளைஞர் படையினர், வீட்டுக்குள் புகுந்து அவர்மேல் கறுப்புப் பெயின்ட் பூசினார்கள். அவருடைய பூனை மிங்மிங்கையும் கொன்றுபோட்டார்கள். பூனை எந்த நாட்டுக்கு உளவு பார்த்ததோ! அப்புறம் எட்டடிக்கு எட்டடி அறை.

சொந்த நாட்டுத் தூதரகத்து ஆட்கள் முதன்முதலாக அவரைப் பார்த்தது 1968 ஏப்ரலில். ஒன்பது மாதம்! அதுவும் சும்மா இல்லை. ஹாங்காங் சிறையில் இருந்த சீன நிருபர்களைச் சீனத் தரப்பு போய்ப் பார்க்கலாம் என்று பேசி முடித்த பிறகு. இவ்வளவுக்கும் சந்திப்பு அரைமணி நேரம்கூட இல்லை.

பரஸ்பரம் என்றால் இரண்டு தட்டும் சமம் என்று நினைக்கிறோம். அந்த ஷின்ஹுவா நிருபருக்கு நீதிமன்றம் சொன்ன கணக்கு உண்டு, நாள் எண்ணலாம். கிரே எதை வைத்து எண்ணுவார்? ஹாங்காங்கில் பிடிபட்ட மற்ற சீன நிருபர்களும் அவர் கணக்கில் ஏறிக்கொண்டே போனார்கள். அவர்களில் கடைசி ஆள் வெளியே வந்த பிறகுதான், 1969 அக்டோபரில், இவருக்கு விடுதலை. மொத்தம் 806 நாள்.

அந்நிய நாட்டில் கைதானவரைத் தூதரக அதிகாரி போய்ப் பார்க்கலாம் என்பது 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவு. சீனா அதில் சேர்ந்தது 1979-ல். சரி, சேர்ந்தவர்கள் ஒழுங்கா? 2023-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிருபர் இவான் கெர்ஷ்கோவிச் ரஷ்யச் சிறையில் இருந்தார். ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவுடன் ஐ.நா.வுக்குக் கிளம்பிய ரஷ்ய நிருபர்களுக்கு அமெரிக்கா விசா தரவில்லை. உடனே ரஷ்யா, மே 11 அன்று தூதரகத்தார் கெர்ஷ்கோவிச்சைச் சந்திக்கக் கேட்ட அனுமதியை மறுத்தது. விசா போனது நிருபர்களுக்கு, சந்திப்பு போனதும் நிருபருக்கு. இரண்டு பக்க அமைச்சர்களும் விமானம் ஏறிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில்: தேவையே இல்லை. ஆனால் பிடித்து வைத்திருப்பவன்தானே விலை சொல்கிறான்.

கிரே அந்த அறையில் என்ன செய்தார் தெரியுமா? புத்தகத்தைப் பார்த்து யோகா கற்றார். குறுக்கெழுத்துப் புதிர்கள் தயாரித்தார். கட்டம் போட்டு, எழுத்து நிரப்பி, குறிப்பு எழுதி, ஒவ்வொன்றாக. பின்னால் அவை புத்தகமாகவே வந்தன. இங்கே நாலு சுவருக்கு வெளியே, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, நம் பத்திரிகையின் குறுக்கெழுத்தை ‘இடமில்லை’ என்று நிறுத்திவிட்டார் எங்கள் விளம்பர மேலாளர். மூன்று வருடமாக அவரோடு சண்டை. அந்த இடத்தில் இப்போது என்ன வருகிறது என்று 42-ம் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பரஸ்பர நிதி விளம்பரம்.